பெயர் கேட்கும் முறை

ஓய்வு பெற்றவன் கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பான். இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களின் பேய்க்கதைகள். அந்த மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேதாகமத்திலும் செய்தித்தாளிலும் வந்தவைதான். ஆனாலும் சில பக்கங்கள் போனதும், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், நடந்ததை யாரோ குளிர்நாட்டு உடுப்பு மாட்டி எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றிவிட்டது.

அந்த ஆவிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் திபுக். ஒட்டிக்கொண்டது என்று பொருளாம். செத்த பிறகு போக இடமில்லாத உயிர், உயிரோடு இருப்பவர் உடம்பில் புகுந்து அவர் வாயால் பேசும். பெரும்பாலும் செத்தவர் ஆண், பிடிபடுவது பெண். ஏன் அப்படி என்று அந்தப் புத்தகம் ரொம்பவே யோசிக்கிறது. தோட்டத்தில் கிளாக்கர் வேலை பார்த்தவனுக்கு அவ்வளவு யோசனை தேவைப்படாது. ஆண்களுக்குப் பேசுவதற்குச் சங்கக் கூட்டம் இருந்தது, சாராயக்கடை இருந்தது. பெண்களுக்குப் பேய்தான் இருந்தது.

எதிலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது நடைமுறை. இதில் நடைமுறை தெளிவாக இருந்தது. ராபி என்கிற அவர்களுடைய குரு வருவார். பத்து ஆண்கள் கூட வேண்டும். சங்கீதம் வாசித்து, ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். பிறகு ராபி கேட்பார்: உன் பெயர் என்ன? ஏன் வந்தாய்? உனக்கு என்ன வேண்டும்? பெயர் வராமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. பெயர் வந்துவிட்டால் அந்த உயிருக்காகப் பிரார்த்தனை செய்வதாக வாக்குக் கொடுத்து, கால் சுண்டுவிரல் வழியாக வெளியே அனுப்புவார்கள். வேறு வழியாகப் போனால் உடம்பு சேதமாகுமாம்.

எங்களிடமும் ஏறக்குறைய இதேதான். கொம்புக்குப் பதில் உடுக்கை. சுண்டுவிரலுக்குப் பதில் உச்சிமுடி. நிதானமாக நிற்கும் பத்து ஆண்களை விடுமுறை நாளில் சேர்ப்பது மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்திருக்கும்.

பெயர் கேட்கிற அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். மகனின் பெயர் வந்துவிடக் கூடாதே என்று நடுங்கிய ஒரு தாயை எனக்குத் தெரியும்.

பலாங்கொடைக்கு மேலே, பஸ் முக்கி முனகி ஏறுகிற மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அங்கே பெரிய கிளாக்கர். அந்த அம்மா கொழுந்து எடுப்பவர். புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு மகன், அவனுக்கு இளையவள் ஒரு மகள். மகன் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரையும் போலக் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனான். தீபாவளிக்கு வரும்போது காதில் பேனா இருக்கும். வாயில் கடைச் சிங்களம் இருக்கும். அம்மாவிடம் தேத்தண்ணி கேட்பதற்குப் பதிலாக, லயத்து வாசலில் நின்று, "மொனவத மஹத்தயா ஓனே?" என்று வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதைப் போல எல்லோரையும் கேட்பான். அவனுடைய தங்கைதான் அதிகம் சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பில் சுற்றிவளைப்புகள் நடந்துகொண்டிருந்தன. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தாலே வரிசையில் நிற்க வேண்டும். மலைநாட்டுப் பையன் என்று சொன்னால் சில சமயம் விடுவார்கள், சில சமயம் விடமாட்டார்கள். ஒரு நாள் அவன் கடையிலிருந்து சாமான் எடுக்கப் போனான். திரும்பி வரவில்லை. கடைக்காரர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு, அவனுடைய பெட்டியையும் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு அந்த அம்மா என்னிடம் வரத் தொடங்கினார். பொலிஸ் முறைப்பாடு, கிராம அலுவலர் சான்று, ஆணைக்குழு, வெளிநாட்டார் நடத்துகிற அலுவலகம், பாராளுமன்ற உறுப்பினர், அவருடைய செயலாளர், செயலாளரின் செயலாளர். எது எங்கே போக வேண்டும், எதற்கு எத்தனை பிரதி, எதில் எந்த முத்திரை என்று எனக்கு அத்துபடி. எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது. கிடைத்தது, கவனிக்கப்படும் என்று. இந்த நாட்டில் கடிதங்கள் தொலைவதில்லை.

கடைசியில் ஒரு புதிய சட்டம் வந்தது. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் பெறலாம், அதை வைத்து நட்டஈடும் கேட்கலாம். நான் அதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"சர்டிபிகேட் குடுத்தா அவென் செத்துட்டான்னு அர்த்தமுங்களா ஐயா?"

"கையெழுத்து வைக்கிறவங்க அப்படித்தான் எடுத்துக்குவாங்க."

"உசுரோட இருக்கான்னு ஒரு சர்டிபிகேட் குடுக்கமாட்டாங்களா?"

அப்படியும் ஒன்று இருக்கிறது. ஓய்வூதியக்காரர்கள் வருஷாவருஷம் வாங்குவார்கள். ஆனால் அதற்கு ஆள் நேரில் வர வேண்டும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"அப்ப வேணாங்க," என்று எழுந்துவிட்டார்.

அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். மகன் எங்கோ இருக்கிறான். சிறையிலோ, முகாமிலோ, தலையில் அடிபட்டு ஊர் மறந்து ஏதாவது ஒரு ரோட்டோரத்திலோ. இருக்கிறான்.

பிறகுதான் மகளுக்குப் பேய் பிடித்தது.

முதலில் மலையில் நடந்தது. கொழுந்து நிறுக்க நேரமாகிறது என்று கங்காணி சத்தம் போட்டிருக்கிறார். கூடையோடு நின்ற அந்தப் பெண் நிமிர்ந்து, கணீரென்ற ஆண்பிள்ளைக் குரலில், "பொட்டக் இன்ன மஹத்தயா, பில் போட்டுட்டு வாறேன்," என்றிருக்கிறாள். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்கிற அர்த்தத்தில், அண்ணன் சொல்வதைப் போலவே. எல்லோரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு, காதில் இல்லாத பேனாவைத் தேடியிருக்கிறாள்.

அப்புறம் சாப்பாடு நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பலாங்கொடை ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். லயத்துப் பெண்கள் அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் சிங்களம் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆகவே அவள் சிங்களம் பேசியதில் அதிசயம் இல்லை என்று நான் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. பேய் என்று வந்த பிறகு கிளாக்கர் கருத்துக்கு எந்தப் பெறுமதியும் கிடையாது.

அந்த அம்மா மறுபடி என் அலுவலக ஜன்னலில் வந்து நின்றார்.

"ஐயா, கோடாங்கிய கூப்புடணும்னு எல்லாரும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"கூப்பிடுங்களேன். பேய் போகுதோ இல்லையோ, புள்ள சாப்பிட்டாப் போதும்."

"கோடாங்கி வந்தா பேரு கேப்பானே."

"கேப்பாரு."

"கேக்காம செய்ய முடியாதுங்களா?"

"பேர் இல்லாம எதுவுமே செய்ய முடியாதும்மா. கோடாங்கியாலயும் முடியாது, கவர்மெண்டுக் கச்சேரியாலயும் முடியாது."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரியெல்லாம் ஆம்பளக் கொரல்ல ஒரே பேச்சுங்க. 'எனக்குச் செய்ய வேண்டியத செய்யுங்கம்மா, எத்தனை நாளைக்கு இப்புடியே நிக்கிறது'ன்னு. செய்ய வேண்டியதுன்னா என்னான்னு ஒங்களுக்குத் தெரியும்."

தெரியும். பதினாறாம் நாள் கருமாதி. இலை போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, அந்த உயிரைக் கரை சேர்ப்பது.

"அவென் பேரு அவ வாயில வந்திருச்சுன்னா நான் என்னா செய்யிறது ஐயா?"

ஒரு பக்கம் மகள் நாளுக்கு நாள் உருகிக்கொண்டிருக்கிறாள். அவளை மீட்க வேண்டுமானால் ஆவி பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் மகன் பெயராக இருந்தால், மகன் செத்தவன். அந்த அம்மாவின் முன்னால் இருந்தது இதுதான். எனக்குத் தெரிந்த எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்கு வழி சொல்லப்படவில்லை.

கோடாங்கி பெல்மதுளைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து, உடுக்கையை ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பேய் வெளியேறிவிட வேண்டும், கொழுந்து பாழாகக் கூடாது என்று தோட்டத்தை நடத்தும் துரை நிபந்தனை விதித்திருந்தார். அதைக் கோடாங்கிக்கு அறிவிக்கும் பொறுப்பு எனக்கு. அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"எங்க தோட்டத்துலயும் அப்புடித்தாங்க. பேய்க்கும் வேலை நேரம் தெரியும்."

லயத்து வாசலில் தண்ணீர் தெளித்து, வேப்பிலை, எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் வைத்தார்கள். நடுவில் அந்தப் பெண் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. தாய் சற்றுத் தள்ளி, தூணைப் பிடித்துக்கொண்டு. கூடை சுமந்தபடியே பெண்கள் வட்டமாக நின்றார்கள்.

உடுக்கை ஏற ஏற அவள் உடம்பு ஆடத் தொடங்கியது. கோடாங்கி குனிந்து கேட்டார்.

"யாரு நீ?"

அவள் ஆடிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லு. எந்தத் தோட்டம்? எந்த லயம்?"

"மொனவத மஹத்தயா ஓனே?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரு கிழவி, "ஐயோ, அவனேதான்டி," என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒன்னும் வேணாம். ஒனக்குத்தான் என்னா வேணும்னு கேக்குறேன்," என்றார் கோடாங்கி. "பேரைச் சொல்லு. பேரைச் சொன்னா கேட்டதச் செஞ்சு தருவோம்."

ஆட்டம் நின்றது. அவள் முகம் ஒரு மாதிரி தெளிந்தது. வெகு தூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கப் போகிறவளின் முகம். வாயைத் திறந்தாள்.

"நான்..."

"காவக்காரருங்க!"

தாய் கத்தியது மலையில் எதிரொலித்தது. எல்லோரும் திரும்பினோம்.

"சாமி, அது கீழ்ப் பாலத்துல வெள்ளத்தோட போனாரே, காவக்காரரு, அவருங்க. புள்ள அன்னிக்கு அந்தப் பாலத்து வழியாத்தான் வந்தா. அதுலதான் புடிச்சிருச்சு."

கோடாங்கி உடுக்கையை இறக்கினார். "ஏம்மா, நான் ஒங்களயா கேட்டேன்? ஒங்களுக்குமா புடிச்சிருக்கு?"

சிலர் சிரித்துவிட்டார்கள். தாய் அசையவில்லை.

"எனக்குத் தெரியுங்க. அந்த ஆளுக்கும் சிங்களம் நல்லா வரும். எம் மகன் உசுரோட இருக்கான். அவென் எதுக்கு வரப் போறான்?"

அந்தக் காவல்காரர் நிஜமாகவே இருந்தவர். மழைக்காலமொன்றில் போதையில் பாலத்தைக் கடக்கப் பார்த்து, ஓடையோடு போனவர். பொல்லாத சாவு, பேயாவதற்குத் தகுதியான சாவு. பெண்டாட்டி பிள்ளை கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. பேயாக அறிவிக்கப்பட்டால் ஆட்சேபம் தெரிவிக்க இந்த உலகத்தில் ஒருவர் இல்லை. எழுத்து வாசனை இல்லாத அந்த அம்மா இவ்வளவையும் ஒரு மூச்சில் யோசித்தாரா, இல்லை வாயில் வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கோடாங்கிக்குச் சாப்பாட்டு நேர நிபந்தனை ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெண்ணிடம் திரும்பினார்.

"அம்மா சொல்றது மெய்யா? நீ காவக்காரன்தானா?"

அவள் தாயைப் பார்த்தாள். நான் பக்கவாட்டில் நின்றதால் இரண்டு முகங்களும் தெரிந்தன. தாய் மகளைக் கும்பிட்டார். சாமியைக் கும்பிடுவதுபோல, நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கையாலும்.

"ஆமா," என்றாள் அவள். தன் சொந்தக் குரலில், மெதுவாக. "காவக்காரன்தான்."

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. காவல்காரருக்கு என்ன பிடிக்கும் என்பது தோட்டத்துக்கே தெரியும். சாராயமும் சுட்ட கருவாடும் வந்தன. கருமாதி கேட்ட வாயில் சாராயத்தை ஊற்றினார்கள். அவள் முகம் சுளித்து விழுங்கினாள். பெண்கள் "குடி தாத்தா, குடிச்சிட்டுப் போயிரு," என்று கெஞ்சினார்கள். தலையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்து, பாலத்தடிப் பலா மரம் வரைக்கும் ஓடவிட்டார்கள். அங்கே கல்லைப் போட்டாள். உச்சிமுடியில் கொஞ்சம் அறுத்து, மரத்தில் வைத்து ஆணி அடித்தார் கோடாங்கி. "இனி வரமாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்றார். பண்ணினாள்.

மறுபடி மலைக்குப் போகும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. துரைக்கு மகிழ்ச்சி.

அடுத்த வாரம் அவள் வேலைக்கு வந்தாள். சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அண்ணனைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கடைச் சிங்களம் பேசிக் காட்டவும் இல்லை. கோடாங்கியின் கீர்த்தி பெல்மதுளை தாண்டிப் பரவியது.

பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. தாய் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "அவ அண்ணன் வரட்டுங்க. அவென் இல்லாம எப்புடி?" அண்ணன் உயிரோடு இருக்கும்போது அவனை விட்டுவிட்டுத் தங்கையின் கல்யாணத்தை நடத்தக் கூடாதல்லவா? வந்தவர்கள் சில தீபாவளிகள் பொறுத்தார்கள். பிறகு வேறிடம் பார்த்துக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெற்றுப் பலாங்கொடை டவுனுக்கு இறங்கிவிட்டேன். சண்டை முடிந்தது என்று வானொலியில் சொன்ன வருஷம், அந்த அம்மா படுத்த படுக்கையாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். சண்டை முடிந்ததும் பிடித்து வைத்திருப்பவர்களையெல்லாம் விடுவார்கள் என்று யாரோ சொல்லி, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலில் போய் நின்றிருக்கிறார். நின்று நின்று, ஒரு நாள் அங்கேயே விழுந்துவிட்டார்.

லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்குள் மத்தியான வெளிச்சம் இருந்தது. மகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. தாய் என்னை அடையாளம் கண்டு, "கிளாக்கரையா, லெட்டர் ஏதும் வந்துச்சுங்களா?" என்றார். இல்லை என்றேன். கஞ்சியை ஒதுக்கிவிட்டு மகளைப் பார்த்தார்.

"புள்ள, அன்னிக்கு மாதிரி ஒரு தடவ பேசேன்."

"எப்பம்மா?"

"அதான்டி, அண்ணன் மாதிரி. ஒரே ஒரு தடவ."

மகள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். என்னைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா, நான்தாம்மா வந்திருக்கேன். மொனவத ஓனே?" என்றாள்.

தாய் கண்ணை மூடிக் கேட்டார். இல்லை என்று தலையை அசைத்தார்.

"இது நீதான்டி."

மகள் கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"அன்னிக்கு வந்தது அவென்தானே?"

"ஆமாம்மா."

"நான் போகச் சொல்லிட்டேன்ல," என்றார் அந்த அம்மா.

வாசல்வரை என்னோடு வந்தபோதுதான் மகள் அதைச் சொன்னாள். அண்ணன் காணாமல் போன வருஷத்தில், அவனோடு கடையில் நின்ற ஒருவன் அவளைப் பஸ் நிறுத்தத்தில் கண்டு பேசியிருக்கிறான். தேட வேண்டாம், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று. எதைப் பார்த்தான் என்பதையும் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

"சொல்லணும்னு ஒவ்வொரு நாளும் நெனைப்பேங்க. அப்புறம் அதுவா வந்துச்சு. நானா பேசுனேனா, அண்ணன் பேசுனாரான்னு எனக்கே தெரியாது. ஆனா அன்னிக்கு பேரு வந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

அந்தப் புத்தகத்தில் ராபி ஆவியை விரட்டியதோடு போய்விடுவதில்லை. அதற்காகப் பிரார்த்தனை செய்து, அதற்கு ஓர் இடம் தேடிக் கொடுக்கிறார். அந்தப் பக்கம் வந்ததும் எனக்கு அவள் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

தாய் அந்த மாதமே போய்விட்டார். பதினாறாம் நாளுக்கு மகள் என்னையும் கூப்பிட்டிருந்தாள். லயத்துக்குப் பின்னால் மூன்று இலை போட்டிருந்தது. பூசாரி முதல் இலைக்குத் தாயின் பெயர் கேட்டார், சொன்னாள். இரண்டாவது இலைக்குக் கேட்டார். அண்ணன் பெயரைச் சொன்னாள், சத்தமாக, தகப்பன் பெயரோடு சேர்த்து. கூட்டத்தில் தலைகள் அவள் பக்கம் திரும்பின.

"திதி?"

"தெரியாதுங்க."

"அப்ப அமாவாசைக்கு அமாவாசை வச்சுக்கிட்டாப் போதும்," என்றார் பூசாரி. அதற்கும் ஒரு நடைமுறை இருக்கத்தான் செய்கிறது. "இது யாருக்கு?" என்று மூன்றாவது இலையைக் காட்டினார். அதில் மட்டும் சோற்றோடு ஒரு துண்டுக் கருவாடு இருந்தது.

"காவக்காரத் தாத்தாவுக்குங்க," என்றாள். "பாவம், அவரைச் சும்மா கூப்புட்டுத் தொல்லை குடுத்துட்டோம்."

யாரோ சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

தள்ளிப் போய் நின்றோம். காக்கை வந்தது. வந்தவுடன் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு கூரைக்குப் போனது. இன்னொன்று வந்து தாயின் இலையில் கொத்தியது. மற்றவர்கள் சாப்பிட உள்ளே போனார்கள். அவள் மட்டும் காக்கை தொடாத நடு இலையைப் பார்த்தபடி வெயிலில் நின்றாள்.

"வாம்மா," என்றேன்.

"நீங்க போங்க ஐயா. வந்திரும்," என்றாள்.